எந்த நுழைவுத் தேர்வு? முதலில் சீட் எங்கே என்று பாருங்கள்

பிளஸ் ஒன் சேர்ந்த சில வாரங்களிலேயே வீட்டில் அந்தக் கேள்வி வந்துவிடும்: மருத்துவத்துக்கான நீட்டா, ஐஐடி, என்ஐடி போன்ற மத்தியப் பொறியியல் நிறுவனங்களுக்கான ஜேஇஇயா? விவரம் தெரிந்த மாமா ஒருவர் இருந்தால் க்யூட், கிளாட், நாட்டா என்று இன்னும் நாலு பெயர்களைச் சொல்லிவிட்டுப் போவார். மீதி வேலையைக் கோச்சிங் சென்டர் விளம்பரங்கள் பார்த்துக்கொள்ளும். இப்படித் தேர்வின் பெயர்தான் முதலில் வருகிறது. அந்த மதிப்பெண்ணை எந்தக் கல்லூரி ஏற்கிறது, அங்கே தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு எத்தனை இடம், எந்த ஒதுக்கீடு, வினாத்தாள் எந்த மொழியில் என்பதெல்லாம் கடைசியில்தான், பெரும்பாலும் ரிசல்ட் வந்த பிறகுதான் தெரியவருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பார்த்தால் பலருக்கும் தேர்வுகளின் பட்டியல் ஐந்திலிருந்து ஒன்றாகவோ இரண்டாகவோ சுருங்கிவிடும். சிலருக்கு ஒன்றுமே மிஞ்சாது.

ஒன்றுமே மிஞ்சாது என்று சொன்னது மிகைக்காக அல்ல. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர்கள் சேரும் இடங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1980களின் நடுவில் தொடங்கி 2006 வரை மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. 2005இல் அதை நீக்க அரசு எடுத்த முயற்சி சென்னை உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு அனந்தகிருஷ்ணன் குழு பரிந்துரைத்து, 2006இல் சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்து, 2007-08 கல்வியாண்டிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது. மருத்துவத்தில் அந்த ஏற்பாட்டை நீட் 2017இல் முடித்துவைத்தது. மற்றவை அப்படியே இருக்கின்றன.

கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி, கோவை பிஎஸ்ஜி டெக், மதுரை தியாகராசர் கல்லூரி எல்லாமே பொறியியல் கவுன்சிலிங்கில் 200க்கு எடுக்கும் கட்-ஆஃப் அடிப்படையில்தான் நிரம்புகின்றன. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பிளஸ் டூ மதிப்பெண்தான் கேட்கிறது. கால்நடை மருத்துவத்தில் மாநிலத்துக்கான இடங்கள், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டு சட்டப் படிப்பு, அரசுக் கல்லூரிகளின் பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம், துணை மருத்துவப் படிப்புகள், கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாம் அதே கணக்குதான். கால்நடை மருத்துவத்துக்கு நீட் வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அகில இந்திய ஒதுக்கீட்டில் போகும் 15% இடங்களுக்குத்தான் அது வேண்டும்.

ஆகவே ஒரு நுழைவுத் தேர்வுக்கு உட்காரும் முன் கேட்க வேண்டியது இதுதான்: பிளஸ் டூ மார்க் தராத எதை இந்தத் தேர்வு எனக்குத் தரப்போகிறது? கிண்டியில் கணினி அறிவியல் படிக்க ஆசைப்படும் மாணவிக்கு ஜேஇஇ ஒரு மார்க் கூடக் கூட்டித் தராது. அவளுக்கு வேண்டியது 200க்கு 199ஐத் தாண்டிய கட்-ஆஃப். அந்த உயரத்தில் ஒரே கட்-ஆஃபில் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். கணித மார்க், இயற்பியல் மார்க் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எதிலும் பிரியாவிட்டால் கடைசியில் கணினி தரும் ரேண்டம் எண் வரை போகும். அரை மார்க் அங்கே எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். ஜேஇஇக்காகப் பொதுத் தேர்வில் கோட்டைவிட்டு, ஜேஇஇயிலும் இழுபறியாகி, இரண்டும் இல்லாமல் நிற்பவர்கள் ஒவ்வொரு ஜூலையிலும் இருக்கிறார்கள்.

ஜேஇஇ யாருக்கு

அப்படியென்றால் ஜேஇஇ எழுதவே வேண்டாமா? எழுதலாம், அதற்கான காரணம் தெளிவாக இருந்தால். திருச்சி என்ஐடி அந்தக் காரணங்களில் முதன்மையானது. என்ஐடிகளில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்துக்கு. அகில இந்தியத் தரவரிசையில் பின்னால் இருக்கும் தமிழ்நாட்டு மாணவருக்கு, வெளிமாநிலத்தவருக்குக் கிடைக்காத பிரிவு இங்கே கிடைக்கும். ஜேஇஇ வழியே சேரும் இன்னும் இரண்டு நிறுவனங்களான காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம்மிலும் திருச்சி ஐஐஐடியிலும் இந்தச் சொந்த மாநிலச் சலுகை இல்லை. ஊர் நம் ஊர் என்றாலும் போட்டி நாடு முழுவதோடும்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. சொந்த மாநிலம் எது என்பதைப் பிறந்த ஊரோ பெற்றோரின் வீட்டு முகவரியோ தீர்மானிப்பதில்லை. பிளஸ் டூ எந்த மாநிலத்தில் தேர்ச்சி பெற்றீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். ராஜஸ்தானின் கோச்சிங் நகரமான கோட்டாவிலோ ஆந்திராவின் விடுதிக் கல்லூரிகளிலோ சேர்ந்து அங்கேயே பிளஸ் டூ எழுதிய தமிழ்ப் பையன், திருச்சி என்ஐடியைப் பொறுத்தவரை வெளிமாநிலத்தவன். லட்சக்கணக்கில் செலவழித்து அனுப்பும் முன் யாராவது இதைச் சொல்கிறார்களா என்று தெரியவில்லை. கோச்சிங் விளம்பரங்களில் நிச்சயம் இருக்காது.

ஜேஇஇ மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு முறை நடக்கிறது. இரண்டில் எது நல்லதோ அது கணக்கில் வரும். தமிழிலும் எழுதலாம். 2021 முதல் 13 மொழிகளில் நடக்கிறது. ஆனால் அதைத் தாண்டி ஐஐடிக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ் வழியில் படித்தவர் ஐஐடியை நோக்கிப் போவதென்றால், பிளஸ் ஒன்னிலேயே ஆங்கிலக் கலைச்சொற்களோடு பழக வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. மெயின் எழுதியவர்களில் முதல் இரண்டரை லட்சம் பேர் அட்வான்ஸ்டுக்குத் தகுதி பெறுவார்கள். 2025இல் பொதுப் பிரிவுக்கு அந்தக் கோடு 93.1 பெர்சென்டைலில் நின்றது. பெர்சென்டைலைச் சதவீதம் என்று எண்ணிப் பயப்படுபவர்களும் உண்டு, பூரிப்பவர்களும் உண்டு. 93 பெர்சென்டைல் என்றால் எழுதியவர்களில் 93% பேர் உங்களுக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள் என்று பொருள். 300க்கு 279 எடுத்ததாகப் பொருளல்ல. அதற்கு வெகு கீழே இருக்கும் மதிப்பெண்ணே அந்த இடத்தைத் தரும்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஐஐடி, என்ஐடி இரண்டிலும் சேர பிளஸ் டூவில் 75% வேண்டும் (பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 65%), அல்லது அந்தந்த வாரியத்தில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் இருக்க வேண்டும். பொதுத் தேர்வைக் கைவிட்டு ஜேஇஇ மட்டும் என்று போக முடியாது.

நம் மாணவர்களுக்கு இதில் இருக்கும் நடைமுறைச் சிக்கல் காலண்டர்தான். ஜனவரித் தேர்வு திருப்புதல் தேர்வுகளோடு மோதுகிறது. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. மார்ச்சில் பொதுத் தேர்வு. 2025இல் மார்ச் 3இல் தொடங்கி 25இல் முடிந்தது. ஏப்ரல் தொடங்கியதும் இரண்டாவது ஜேஇஇ. மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்கு ஜனவரியை ஒத்திகையாகவும் ஏப்ரலை உண்மையான தேர்வாகவும் வைத்துக்கொள்வதே சரியாக வரும் என்பது என் கணிப்பு. விதிவிலக்குகள் இருக்கும். பிளஸ் ஒன் பாடங்களை முழுதாக முடித்தவர்கள் ஜனவரியிலேயே முடித்துவிடலாம்.

பிளஸ் ஒன் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீட்டோ ஜேஇஇயோ, கேள்விகளில் ஏறத்தாழ பாதி பதினொன்றாம் வகுப்புப் பாடங்களிலிருந்து வருகின்றன. ஒரு காலத்தில் பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காமலே இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025-26 முதல் அந்தப் பொதுத் தேர்வு இல்லை. மாணவர்களுக்கு அழுத்தம் குறைந்தது நல்லதுதான். பள்ளிகள் பழைய வழக்கத்துக்குத் திரும்பினால் முதலில் அடிபடுவது நுழைவுத் தேர்வு எழுதப்போகிறவர்கள். உங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் பாடம் உண்மையில் நடக்கிறதா என்று பார்ப்பது, எந்தத் தேர்வு என்று பார்ப்பதைவிட அவசரம்.

நீட்: தகுதி வேறு, சீட் வேறு

நீட்டைப் பொறுத்தவரை தேர்ந்தெடுப்பதற்கு அதிகம் இல்லை. எம்பிபிஎஸ், பிடிஎஸ், சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி, யுனானி எதற்கும் அது ஒன்றுதான் வழி. 2020 முதல் எய்ம்ஸ், ஜிப்மர் தனித் தேர்வுகளும் போய்விட்டன. விலக்கு கேட்டு 2021இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றினார்கள். அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அரசியல் எப்படிப் போனாலும் இப்போது பிளஸ் ஒன்னில் இருக்கும் பிள்ளை நீட் இருக்கிறது என்று வைத்துத்தான் படிக்க வேண்டும்.

ஆனால் எழுதுவதா என்ற முடிவு இருக்கிறது. அதற்குத் தேவையான எண்கள்: 2025இல் சுமார் 22 லட்சம் பேர் எழுதினார்கள், 12.36 லட்சம் பேர் தகுதி பெற்றார்கள். நாடு முழுவதும் எம்பிபிஎஸ் இடங்கள், தனியாரையும் சேர்த்து, ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி. தகுதி பெற்றவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் இடம், அதிலும் அரசுக் கட்டணத்தில் இடம் இன்னும் குறைவு. "நீட் பாஸ் பண்ணிட்டான்" என்று இனிப்பு கொடுப்பதில் தப்பில்லை. அந்தத் தேர்ச்சிக்கு மட்டும் மருத்துவக் கல்லூரியில் மதிப்பு கிடையாது.

மதிப்பெண்ணை வைத்தும் ஏமாற வேண்டாம். 2024இல் திருத்தப்பட்ட முடிவுகளின்படியே 17 பேர் 720க்கு 720 எடுத்திருந்தார்கள். 2025இல் நாட்டின் முதலிடமே 686தான். போன வருடம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இத்தனை மார்க்கில் சீட் கிடைத்தது என்ற கணக்கு இந்த வருடம் செல்லாது. பார்க்க வேண்டியது ரேங்க். அதிலும் அகில இந்திய ரேங்கைவிட மாநிலத் தரவரிசை. ஏனென்றால் தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் 85% இடங்கள் மாநிலத்தின் கவுன்சிலிங்கில்தான் போகின்றன.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. 2020இல் வந்த 7.5% உள் ஒதுக்கீட்டில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் தங்களுக்குள் மட்டும் போட்டியிடுகிறார்கள். பொதுப் போட்டியைவிட வெகு குறைந்த நீட் மதிப்பெண்ணில் அரசு மருத்துவக் கல்லூரி கிடைக்கிறது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அடுத்த ஆண்டே பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் இது வந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்ததும் "பெரிய ஸ்கூல்ல சேர்த்தாதான் நீட் வரும்" என்று பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்களே, அந்த ஒரு மாற்றத்தோடு இந்த உரிமை போய்விடும். நல்லெண்ணத்தில் செய்யும் காரியங்களில் இவ்வளவு நஷ்டம் தருவது வேறொன்று இருக்கும் என்று தோன்றவில்லை. பெற்றோரிடம் இதைப் பத்தாம் வகுப்பு ஆசிரியர்களே சொல்லிவிட்டால் நல்லது.

தமிழில் நீட் எழுதலாமா என்பது அடுத்த குழப்பம். எழுதலாம், வினாத்தாளில் தமிழோடு ஆங்கிலமும் இருக்கும். இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் ஆங்கிலக் கேள்வியே இறுதி என்பது விதி. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது; உச்ச நீதிமன்றத்தில் அந்த உத்தரவு நிலைக்கவில்லை. தமிழில் எழுதுபவர் சந்தேகம் வரும் கேள்வியில் பக்கத்திலிருக்கும் ஆங்கிலத்தையும் ஒரு பார்வை பார்க்கப் பழகிக்கொள்வது அதனால்தான் அவசியம்.

ஒரு வருடம் வீட்டிலிருந்து மறுபடி எழுதுவதைப் பற்றியும் கேட்பார்கள். நீட்டுக்கு முயற்சி வரம்பு இல்லை. ஜேஇஇ மெயின் தொடர்ந்து மூன்று ஆண்டுகள், அட்வான்ஸ்டு தொடர்ந்து இரண்டு ஆண்டுகள். வரம்பு இல்லாததே நீட்டின் ஆபத்து. மாநில ரேங்கில் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து தவறியவர் ஒரு வருடம் கொடுக்கலாம். வெகு தூரத்தில் இருப்பவர் இரண்டாவது, மூன்றாவது வருடம் என்று போவது எனக்கு உடன்பாடில்லை. அந்த வருடங்களில் கால்நடை மருத்துவமோ வேளாண்மையோ பாதி முடிந்திருக்கும்.

ஒரே படிப்பில் எழுதக்கூடியவை

பயோ-மேத்ஸ் எடுத்தவர்கள் நீட், ஜேஇஇ இரண்டையும் எழுதலாமே என்பார்கள். இயற்பியலும் வேதியியலும் பொதுதானே? பாடம் பொது, தேர்வு பொதுவல்ல. நீட்டில் 180 நிமிடத்தில் 180 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம், அதில் பாதி உயிரியல். ஜேஇஇ மெயினில் அதே 180 நிமிடத்தில் 75 கேள்வி; ஒன்றுக்கு இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. முன்னது படித்ததை உடனே எடுத்துத் தரச் சொல்கிறது, பின்னது உட்கார்ந்து போடச் சொல்கிறது. ஒரு பிள்ளைக்கு எது வரும் என்பதை மூன்று மாதப் பயிற்சித் தேர்வுகளிலேயே கண்டுபிடித்துவிடலாம். கணக்கில் மெதுவாக, ஆனால் பிழையில்லாமல் போகிறவருக்கு நீட்டின் வேகம் மூச்சு முட்டும். நிறைய நினைவில் நிற்கும், கணக்கு என்றால் தயங்கும் பிள்ளைக்கு ஜேஇஇ தினமும் ஒரு தோல்வியாகத் தெரியும். இரண்டையும் சமமாக நடத்துவது வெகு சிலருக்கே கைகூடும்.

ஆனால் ஒன்றுக்குப் படித்தால் கூடவே எழுதக்கூடிய தேர்வுகள் இருக்கின்றன. அவற்றை நம் ஊரில் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களான ஐசர்களுக்கான ஐஏடி அப்படி ஒன்று. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15 என்று மொத்தம் 60 கேள்விகள், மூன்று மணி நேரம். கேள்விக்கு மூன்று நிமிடம் என்பதால் நிதானமாக யோசிப்பவர்களுக்கு ஏற்றது. பெங்களூரு ஐஐஎஸ்சியின் நான்காண்டு அறிவியல் பட்டத்துக்கும், சென்னை ஐஐடியின் மருத்துவ அறிவியல்-பொறியியல் பி.எஸ். படிப்புக்கும் இந்த மதிப்பெண் பயன்படுகிறது. அதே போன்ற அறிவியல் நிறுவனமான புவனேஸ்வரம் நைசருக்கான நெஸ்ட் தேர்வில் நான்கு பாடங்களில் சிறந்த மூன்றை எடுத்துக்கொள்கிறார்கள். நீட்டுக்குப் படித்து, அறிவியலில் உண்மையான ஆர்வமும் இருக்கிற மாணவிக்கு இவை நல்ல இரண்டாம் வழி. கணிதத்தில் மட்டும் பைத்தியமாக இருப்பவர்களுக்குச் சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் தனித் தேர்வு நடத்துகிறது; அதற்கு ஜேஇஇ கோச்சிங் பெரிதாக உதவாது, நிரூபணம் எழுதத் தெரிய வேண்டும்.

தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் தேர்வுகளை இந்தக் கூட்டத்தில் கடைசியாக வைக்கலாம். ஜேஇஇக்குப் படித்தவருக்குத் தனித் தயாரிப்பு வேண்டாம். ஆனால் அங்கே தேர்வு எழுதுவது சீட்டுக்கு மட்டுமல்ல, கட்டணத்துக்கும்தான். விஐடி போன்ற இடங்களில் ரேங்கைப் பொறுத்துக் கட்டணப் பிரிவு மாறும். "சீட் கிடைத்தது" என்ற செய்தியோடு எந்தப் பிரிவில் கிடைத்தது, நான்கு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்பதையும் கேட்டுவிட்டு, அரசுக் கவுன்சிலிங்கில் கிடைக்கக்கூடிய கல்லூரியோடு ஒப்பிட வேண்டும். இந்தத் தேர்வுகளின் முடிவு கவுன்சிலிங்குக்கு முன்பே வந்து, பணம் கட்டச் சொல்லும் கடைசித் தேதியும் முன்பே வருவதால், பதற்றத்தில் கட்டிவிடுவது நடக்கிறது.

டிசம்பரிலேயே முடிந்துவிடுபவை

அறிவியல் தவிர மற்றப் பக்கம்தான் உண்மையில் அதிகம் இழக்கப்படுகிறது. காரணம் எளிது: அந்தத் தேர்வுகள் முன்கூட்டியே நடக்கின்றன. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் டிசம்பரில் முடிந்துவிடும். திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் அதுதான் வழி. வடிவமைப்புக்கான என்ஐடி முதல்நிலைத் தேர்வும் (இது அகமதாபாத் என்ஐடி, திருச்சி அல்ல) ஐஐடிகளின் யூசீடும் ஜனவரிவாக்கில், ஆடை வடிவமைப்புக்கான நிஃப்ட் பிப்ரவரிவாக்கில். விண்ணப்பம் மூடுவது அதற்கும் முன்பு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மே மாதத்தில் "லா படிக்கலாம்னு இருக்கேன்" என்று யோசிக்கத் தொடங்குபவருக்குக் கிளாட் ஐந்து மாதம் முன்பே போய்விட்டது. அவருக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் திறந்தேதான் இருக்கும், அது குறைந்த இடமும் அல்ல. ஆனால் அது அவராகத் தேர்ந்தெடுத்ததாக இருக்காது.

கிளாட்டுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 120 நிமிடம், 120 கேள்வி, எல்லாமே பத்திகளைப் படித்து விடை சொல்வது, ஆங்கிலத்தில் மட்டும். இது வாசிப்பு வேகத்துக்கான தேர்வு. தினமும் ஆங்கிலச் செய்தித்தாள் படிக்கும் வணிகவியல் மாணவருக்கு, இயற்பியலில் தடுமாறும் முதல் குரூப் மாணவரைவிட நிச்சயமான வாய்ப்பு இதில் உண்டு.

கட்டடக்கலைக்கு நாட்டா. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரி உட்பட மாநிலத்தின் பி.ஆர்க் இடங்களுக்கு நாட்டா மதிப்பெண்ணும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் சம பங்காகச் சேர்கின்றன. ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதலாம். என்ஐடிகளில் பி.ஆர்க் வேண்டுமென்றால் அது ஜேஇஇ மெயினின் இரண்டாம் தாள். பெயர் தெரியாமல் முதல் தாளுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு முழிப்பவர்கள் உண்டு.

மத்தியப் பல்கலைக்கழகங்களின் க்யூட் 2022இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வரை டெல்லிப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்த்தது. சில கல்லூரிகளில் கட்-ஆஃப் 100% வரை ஏறியது. இப்போது எல்லாம் க்யூட். தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். 2025இல் வந்த மாற்றத்தின்படி அதிகபட்சம் ஐந்து தாள்கள், ஒவ்வொன்றிலும் 60 நிமிடத்தில் 50 கேள்வி. இதில் பாதிப் போட்டி விண்ணப்பத்திலேயே முடிந்துவிடும். எந்தப் படிப்புக்கு எந்தத் தாள்கள் வேண்டும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறு. தேர்வை நடத்துபவர்கள் எந்தப் பாடத்தையும் எடுக்க விடுவார்கள். டெல்லியோ நீங்கள் பிளஸ் டூவில் படித்த பாடத்தில்தான் எழுதியிருக்க வேண்டும் என்கிறது. தாள்களைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தவருக்கு எவ்வளவு மார்க் வந்தும் பயனில்லை.

இன்னொன்று, க்யூட் முடிவு 2025இல் ஜூலை முதல் வாரத்தில் வந்தது. நம் ஊர் கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவே ஒரு கல்லூரியில் சேர்ந்து வைத்துக்கொண்டுதான் க்யூட் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தப் பணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியூர் விடுதிச் செலவு கட்டாது என்றால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக மட்டும்கூட க்யூட் எழுதலாம். நம் மாணவர்கள் டெல்லியைப் பார்க்கிற ஆர்வத்தில் பாதியைக்கூடத் திருவாரூர் பக்கம் காட்டுவதில்லை.

சாதிச் சான்றிதழும் ஒரு காரணம்தான்

எந்தத் தேர்வு என்பதை முடிவு செய்யும்போது யாரும் பேசாத ஒரு பக்கம் உண்டு. மாநிலக் கவுன்சிலிங்கிலும் மத்தியக் கவுன்சிலிங்கிலும் ஒரே மாணவர் வெவ்வேறு பிரிவில் நிற்கலாம். தமிழ்நாட்டின் 69% இட ஒதுக்கீட்டில் பிசி, எம்பிசி பிரிவினருக்கு வருமான வரம்பு இல்லை. மத்திய நிறுவனங்களில் ஓபிசி 27% கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர்கள்) அல்லாதவர்களுக்கு மட்டும். வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்சக் கணக்கில் சேராது. ஆனால் பெற்றோர் வகிக்கும் அரசுப் பதவியின் நிலை பார்க்கப்படும். உயர் அதிகாரியின் பிள்ளைக்குக் கிண்டியில் பிசி ஒதுக்கீடு உண்டு, சென்னை ஐஐடியில் அவர் பொதுப் பிரிவு. சில சாதிகள் மாநிலப் பட்டியலில் இருந்தும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். பழங்குடி மாணவருக்கு மாநில ஒதுக்கீடு 1%. மத்தியில் 7.5%. திருச்சி என்ஐடியின் சொந்த மாநில இடங்களில் அந்த 7.5% தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்த பழங்குடி மாணவர்களுக்குள் மட்டும் போகிறது. மலைக்கிராமத்து உண்டு உறைவிடப் பள்ளியில் கணிதம் எடுத்திருக்கும் பிள்ளைக்கு, ஜேஇஇ மெயின் ஒரு கிண்டி சீட்டைவிட எட்டக்கூடியதாக இருக்கலாம். எந்த ஒதுக்கீட்டிலும் வராத ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பத்து சதவீதம் மத்திய நிறுவனங்களில் மட்டுமே உண்டு. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. இவர்களுக்கெல்லாம் நுழைவுத் தேர்வு எழுத மற்றவர்களைவிடக் கூடுதல் காரணம் இருக்கிறது.

ஓபிசி சான்றிதழை மத்திய அரசின் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். நம்மிடம் நிரந்தரமாக இருக்கும் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. ஐஐடி, என்ஐடி கவுன்சிலிங்குக்கு அந்த ஆண்டு ஏப்ரல் 1இலோ அதற்குப் பிறகோ வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஏப்ரல் பிறந்ததுமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், தாசில்தார் அலுவலகத்தில் கூட்டம் சேர்வதற்குள் கைக்கு வந்துவிடும்.